மதுரைப் பக்கம் நல்ல கிட்னி டாக்டர் யார்?
எங்க அப்பாவுக்கு வயசு 62, பதினஞ்சு வருஷமா சுகர். ஒரு மாசமா கால் வீக்கம். செருப்பைக் கழட்டினா வார் பதிஞ்ச பள்ளம் அப்படியே நிக்குது. சிறுநீர்லயும் நுரை. டெஸ்ட்ல கிரியாட்டினின் (ரத்தத்துல தங்குற கழிவு) 2.8, இ.ஜி.எஃப்.ஆர் (கிட்னி வடிகட்டுற வேகம்) 25; கிட்னி வேலை ரொம்பக் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

கிட்னின்னாலே யூராலஜிஸ்ட்தான்னு நெனச்சு ஒருத்தர்கிட்ட மூணு மணி நேரம் காத்திருந்தோம். ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே, "கல்லு, அடைப்பு, புராஸ்டேட், ஆபரேஷன் இதெல்லாம் நான் பார்ப்பேன். ரத்தத்தைச் சுத்திகரிக்கிற வேலை குறைஞ்சா, புரதம் ஒழுகினா நெஃப்ராலஜிஸ்ட்டைப் பாருங்க"ன்னுட்டார். ஃபீஸ் போனது போகட்டும், விஷயம் புரிஞ்சுது.

முட்டிவலிக்கு அப்பா மெடிக்கல்ல தானா வாங்கிப் போட்ட மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னதும் அவர்தான். அந்த வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்குமாம். அப்பா ரெண்டு வருஷமா அதை முறுக்கு மாதிரி தின்னுட்டிருந்தார்!

டயாலிசிஸ்னு உடனே பயமுறுத்தாம, சாப்பாடு, பிரஷர், மாத்திரை எல்லாம் பொறுமையா விளக்குற நெஃப்ராலஜிஸ்ட் மதுரையில யாராவது தெரியுமா? ராஜாஜி ஆஸ்பத்திரி நெஃப்ராலஜி ஓ.பி. எந்தெந்த நாள்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, போறப்போ வேற என்ன எடுத்துட்டுப் போகணும்? போய்ப் பார்த்தவங்க சொல்லுங்க. நாட்டு மருந்து மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம்.