துருவில்தான் ஸ்பின் இருக்கிறதாம்!

வெண்ணாறு (தஞ்சாவூர்):
நேற்று மயூரம் தம்பி நியாயமான கேள்வி ஒன்று கேட்டிருந்தார். பழைய கோல்ஃப் செட் ஒன்று விலைக்கு வருகிறது, பந்தை உயரத் தூக்கி அடிக்கிற வெட்ஜ் மட்டை இரண்டிலும் துரு, வாங்கலாமா, வாங்கினால் துருவை என்ன செய்வது என்று. அதற்கு நம் குடந்தைக்காரர் கொடுத்த பதிலை எழுத்து மாறாமல் தருகிறேன்: "துருவைத் தொடாதே தம்பி. துருதான் பந்தைக் கவ்வும். துரு ஏற ஏற ஸ்பின் ஏறும்." படித்ததிலிருந்து எனக்குக் காபி இறங்கவில்லை.

பந்துக்கு ஸ்பின், அதாவது பின்னோக்கிய சுழற்சி, கொடுப்பது வெட்ஜின் லாஃப்ட் (முகத்தின் சாய்வு), குரூவின் (முகத்தில் வெட்டிய வரியின்) விளிம்பு, சுத்தமான உலர்ந்த முகம், அப்புறம் அடிக்கிறவரின் வேகம். குரூவுக்கு என்ன வேலை? மழையில் டயரின் வரிகள் தண்ணீரை ஒதுக்குகிற மாதிரி, இடையில் மாட்டும் புல்லும் ஈரமும் ஒதுங்க இடம் கொடுப்பது. 2010-ல் பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு, குரூவின் விளிம்பு இவ்வளவுதான் கூராக இருக்கலாம் என்று விதியை இறுக்கினார்கள். துருவுக்கு யாராவது விதி போட்டார்களா? ஸ்பின் துருவில் இருந்திருந்தால் முதலில் அதில் அல்லவா கை வைத்திருப்பார்கள்? சின்னப் பையனுக்குத் தப்பு வழி காட்டக்கூடாது.

குடந்தைக்காரன்:
வணக்கம் வெண்ணாறு சார். மலேசியாவில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தால் இங்கே இருக்கிறவன் எல்லாம் விவரம் தெரியாதவன் போலிருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. பெரிய கம்பெனிகளே வெட்ஜ் முகத்தில் பூச்சு போடாமல், 'ரா' என்று பெயர் வைத்து விற்கின்றன. துருப்பிடிக்கும் என்று தெரிந்தே விற்கிறார்கள். அவர்கள் என்ன பைத்தியக்காரர்களா? என் 56 டிகிரி வெட்ஜ் மூன்று வருடமாகத் துருவோடு இருக்கிறது. கொடைக்கானலில் அடித்தால் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கிறது. கண்ணால் பார்த்தது.

வெண்ணாறு:
கிரீன், அதான் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, நனைந்திருந்தால் தேங்காயைப் போட்டாலும் நிற்கும். 'ரா' என்று விற்பது பளபளப்பு கண்ணில் அடிக்கக்கூடாது, பூச்சு ஏறிக் குரூவ் விளிம்பு மழுங்கக்கூடாது என்பதற்காக. துரு அதனால் வருகிற தொல்லை. மழையில் நனைந்தால் சளி பிடிக்கிறது. சளி பிடிக்கட்டும் என்றா மழையில் போகிறோம்?

திருவாரூர்த் தேர்:
நான் இந்த ஆட்டம் ஆடுகிறவன் இல்லை. எனக்குக் கிளப் என்றால் காபி கிளப்தான். மச்சான் மகன் இங்கே சேர்த்துவிட்டான், சும்மா படிக்கிறேன். ஒரு சந்தேகம். அறுப்பு முடிந்ததும் கதிர் அருவாளைத் துடைத்து எண்ணெய் தடவி எரவாணத்தில் செருகுவோம். துரு ஏற ஏற நன்றாக அறுக்கும் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை.

குடந்தைக்காரன்:
அண்ணே, அருவாள் அறுக்கிறதுக்கு. வெட்ஜ் கவ்வுகிறதுக்கு. இரண்டும் வேறு.

திருவாரூர்த் தேர்:
அப்போ துருப்பிடித்த அருவாள் நெல்லைக் கவ்வுமா தம்பி?

வேதை உப்பு (வேதாரண்யம்):
துரு என்ன செய்யும் என்று என்னைக் கேளுங்கள். எங்கள் பக்கம் உப்பளக் காற்று. கேட் கொக்கியே வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்தபோது கொல்லைக் கொட்டகை ஓடெல்லாம் போய், என் செட் பையோடு தண்ணீரில் கிடந்தது. தென்னை விழுந்த கவலையில் கோல்ஃப் பையை யார் பார்ப்பார்கள்? பத்து நாள் கழித்துத்தான் எடுத்தேன். தூரம் அடிக்கிற டிரைவர் மட்டைக்குக் கிராஃபைட் ஷாஃப்ட் (தண்டு), அது பிழைத்தது. உலோகத் தகடு மாதிரித் தலை உள்ள அயர்ன் மட்டை எல்லாம் ஸ்டீல் ஷாஃப்ட். மேலே துடைத்தால் பளிச்சென்று இருந்தது. கைப்பிடி உறையான கிரிப்பை அறுத்து எடுத்தால் உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் வடிகிறது. குழாய்க்குள்ளே முழுக்கத் துரு. அதையும் விடாமல் ஆடினேன். சென்னையில் ஒரு நாள் 7 அயர்ன் அடிக்கும்போது ஷாஃப்ட் ஒடிந்து, பந்துக்கு முன்னால் தலை பறந்தது. நல்ல வேளை, எதிரே ஆள் இல்லை. பழைய செட் வாங்குகிறவர் ஷாஃப்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சரசரவென்று கேட்டால் வேண்டாம்.

குடந்தைக்காரன்:
நான் ஷாஃப்டைச் சொல்லவே இல்லை. முகத்தைச் சொன்னேன். முகத்தில் துரு, ஸ்பின். அவ்வளவுதான்.

விளக்கு மாடம் (நாச்சியார்கோயில்):
சண்டைக்கு நடுவே ஒன்று கேட்கிறேன். எந்தத் துருவைப் பற்றிப் பேசுகிறீர்கள்? பூச்சில்லாத கார்பன் ஸ்டீல் முகத்தில் மெல்லிசாகப் படியும் பழுப்பா, குரூவுக்குள் இறங்கிக் குழி குழியாக அரித்த துருவா, குரோம் பூச்சு உரிந்த இடத்தில் வருவதா? முதலாவதைத் துணியால் துடைத்துவிடலாம். இரண்டாவது வந்தால் விளிம்பே போய்விட்டது என்று அர்த்தம். மூன்றாவதைத் தேய்த்தால் பூச்சு இன்னும் உரியும். மயூரம் தம்பியின் வெட்ஜில் எது இருக்கிறது என்று ஒரு படம் போடச் சொன்னால் தீர்ந்தது.

வெண்ணாறு:
எந்தத் துருவாக இருந்தாலும் துரு துருதான் அம்மா. ஸ்பின் தராது.

குடந்தைக்காரன்:
எந்தத் துருவாக இருந்தாலும் தரும்.

சார் ஒன்றைக் கவனமாகத் தாண்டிப் போகிறார். இப்போது வரும் வெட்ஜ்களில் குரூவுக்கு நடுவே மெல்லிய கோடுகள் இழைத்திருக்கிறார்கள். எதற்கு? சொரசொரப்புக்கு. சொரசொரப்பு பந்தைக் கவ்வும். துருவும் சொரசொரப்பு. கணக்கு சரியாகத்தானே வருகிறது?

வெண்ணாறு:
கணக்கு வரவில்லை. அந்தக் கோடு எஃகில் வெட்டியது. அதுவும் நைசாக இழைத்த அளவைத் தாண்டி முகம் சொரசொரப்பாக இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. துரு பொடி. விரலால் தேய்த்தால் விரலோடு வரும். உதிர்கிற பொடி எதைக் கவ்வும்? வாசலில் கோலப்பொடி சிந்திய இடத்தில் கால் வைத்துப் பாருங்கள், கவ்வுகிறதா வழுக்குகிறதா என்று. இதை நான் மூன்றாவது தடவை எழுதுகிறேன். கொடைக்கானலில் மைதானம் வந்தது 1895-ல். அங்கே காட்டெருமைகூடப் பார்த்துப் பார்த்து ஆட்டம் கற்றிருக்கும். குடந்தைக்காரர் இன்னும் கற்கவில்லை.

சுவாமிமலை வார்ப்பு:
ஆளாளுக்குத் துரு துரு என்கிறீர்கள், துரு எதில் வரும் என்று சொல்லவில்லையே. அடித்து உருவாக்கிய அயர்ன் பெரும்பாலும் மெத்தென்ற கார்பன் ஸ்டீல், மேலே குரோம். அது போனால் துருப்பிடிக்கும். வார்த்த அயர்ன் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். 10.5 சதவீதமாவது குரோமியம் இருந்தால்தான் அந்தப் பெயர். அது லேசில் துருப்பிடிக்காது. இன்னொன்று, அந்த வார்ப்பு யாருடைய வித்தை? மெழுகில் உருவம் செய்து, மேலே கூடு கட்டி, மெழுகை உருக்கி ஓட்டிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. பிங் கம்பெனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் இந்த வழியில் அயர்ன் வார்த்துப் பேர் வாங்கினார். நாங்கள் காவிரி வண்டலில் கூடு கட்டி நடராஜரை வார்க்கிறோம், அவர்கள் செராமிக் கூடு கட்டி 7 அயர்னை வார்க்கிறார்கள். சோழர் காலத்து வித்தை ஐயா அது. இதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டீர்கள்.

விளக்கு மாடம்:
சுவாமிமலைக்காரர்கள் எங்கே போனாலும் நடராஜரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் வார்ப்புதான், காவிரி மண்ணில்தான். எங்களை யாரும் பேசுவதில்லை.

சுவாமிமலை வார்ப்பு:
உங்களுடையது மண் அச்சு அக்கா. எங்களுடையது மெழுகு. கோல்ஃப் அயர்ன் வருவது மெழுகு வழியில்.

விளக்கு மாடம்:
மெழுகோ மண்ணோ, விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற ஊர்க்காரி சொல்கிறேன். புளி எஃகுத் துருவையும் எடுக்கும். ஆனால் உடனே கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். குரோம் உரிந்ததில் புளி வேண்டவே வேண்டாம்.

மயூரம் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். என் கேள்வி அப்படியே நிற்கிறது. நான் 5 அடி 5 அங்குலம். செட்டுக்காரர் 6 அடிக்கு மேல். 11 கிளப் (மட்டை) இருக்கிறது, ஸ்டிஃப், அதாவது விறைப்பான, ஷாஃப்ட். வாங்கலாமா?

வெண்ணாறு:
தம்பி, உங்களுக்காகத்தான் இவ்வளவும். 11 போதும், பையில் 14-க்கு மேல் வைக்க விதியும் விடாது. உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செருப்புப் போட்டு நேராக நின்று, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரை வரை அளந்து எழுதுங்கள். குட்டையானவருக்குக் கை குட்டையாக இருந்தால் சாதாரண நீளமே சரியாக இருப்பதும் உண்டு. நீளம் அதிகம் என்றால் மேல் நுனியில் வெட்டலாம், ஆனால் அரை அங்குலம் வெட்டினாலே தலை லேசாகிவிட்ட மாதிரி கைக்குத் தெரியும், ஷாஃப்டும் கொஞ்சம் விறைக்கும். ஏற்கெனவே ஸ்டிஃப். டிரைவரை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் வீசுகிறவருக்கு அதைவிட வளைந்து கொடுக்கிற ரெகுலர் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் லை, அதாவது கிளப்பைத் தரையில் வைத்தால் ஷாஃப்ட் தரையோடு நிற்கும் கோணம். அயர்னின் அடியில் டேப் ஒட்டி, பலகை மேல் வைத்து நாலு தடவை அடித்துப் பாருங்கள். டேப்பில் தேய்மானம் நடுவில் விழ வேண்டும். நெட்டையானவரின் கிளப் உங்கள் கையில் டோ (தலையின் வெளி நுனி) பக்கம் மேலே தூக்கி நிற்கும், தேய்மானம் ஹீல் (ஷாஃப்ட் சேரும்) பக்கம் விழும், வலது கைக்காரரான உங்களுக்குப் பந்து இடப்பக்கம் ஓடும். அடித்து உருவாக்கிய தலையென்றால் இரண்டு டிகிரி வளைத்துக் கொடுப்பார்கள். வார்த்ததை வளைப்பது கஷ்டம், ஒடியவும் செய்யும். நடராஜர் வந்தாலும் வளையாது.

வெட்ஜை மட்டும் கழுவி, துடைத்து, துருவை எடுத்துவிட்டு ஆடுங்கள்.

குடந்தைக்காரன்:
கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. அந்த ஒரு வரிக்காகத்தான் சார் இவ்வளவு நீளம் எழுதினார் என்பதும் தெரிகிறது. தம்பி, எடுக்காதே.

வேதை உப்பு:
எடுத்துவிட்டு என்ன தடவுவது? நான் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன்.

வெண்ணாறு:
தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுக்காகி, தூசியும் மணலும் ஒட்டும். மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். ஆடுவதற்கு முன் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். ஸ்பின்னை மாற்றவென்று முகத்தில் எதையாவது தடவிக்கொண்டு ஆடினால் விதிப்படி குற்றம்.

குடந்தைக்காரன்:
பாருங்கள், எண்ணெய் தடவினால் குற்றம், துரு இருந்தால் குற்றமில்லை. ஏன்? துரு இயற்கை. நான் சொன்னது அதுதான்.

வெண்ணாறு:
நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. ஸ்பின் ஏறும் என்றீர்கள். பேச்சை மாற்றாதீர்கள். சித்திரை வெயிலில் மூன்று நாள் கார் டிக்கியில் செட்டைப் போட்டுப் பூட்டி, உள்ளே ஒட்டியிருந்த பசை இளகி, ஷாஃப்டும் தலையும் சேரும் இடத்து வளையமான ஃபெரூல் மேலே ஏறிக்கொண்டதே, அதுவும் இயற்கைதானா? அப்படிப் பராமரிக்கிறவர்தான் அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிறார்.

குடந்தைக்காரன்:
சரி, ஆரம்பித்துவிட்டீர்கள். அந்த மூன்று நாளும் கார் உங்கள் வீட்டுக் கல்யாண வேலைக்கு ஓடியது, அதையும் எழுதுங்கள். கூடவே 2022-ல் ஒரு வாரம் என்று வாங்கிப்போன என் புட்டர், அந்தப் பந்து உருட்டுகிற மட்டை, எங்கே?

வெண்ணாறு:
அந்தப் புட்டர் கிரிப் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. என் காசில் புதுக் கிரிப் போட்டேன். கிரிப் காசு வந்ததும் புட்டர் வரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மாதம் ஒரு தடவை கழுவியிருந்தால் அந்தக் கிரிப் அப்படி ஆகியிருக்காது.

திருவாரூர்த் தேர்:
இப்போதுதான் ஆட்டம் எனக்குப் புரிகிறது.

மயூரம் தம்பி:
படம் எடுக்கப் போனேன். செட்டுக்காரர் நேற்றே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

வெண்ணாறு:
போகட்டும் தம்பி, வேறு கிடைக்கும். ஆனால் விஷயம் அப்படியே நிற்கிறது. குடந்தைக்காரரை அழைக்கிறேன். கோடையில் கொள்ளிடம் காய்ந்ததும் வாருங்கள். நான் வெட்ஜ் பழகுவது அந்த மணலில்தான். பக்கத்தில் அறுத்த வயல் இருக்கிறது. உங்கள் துரு வெட்ஜ், என் சுத்த வெட்ஜ், இரண்டும் 56 டிகிரி. ஆளுக்கு இருபது பந்து. எது எங்கே நிற்கிறது என்று எல்லாரும் பார்க்கட்டும்.

குடந்தைக்காரன்:
அறுத்த வயலில், வெடித்த களிமண்ணில் பந்து எங்கே நிற்கும்? எலி வளைக்குள் போகும். கிரீன் வேண்டும். கொடைக்கானலுக்கு வாருங்கள்.

வெண்ணாறு:
நனைந்த கிரீனா? அங்கே தேங்காயும் நிற்கும் என்று முதலிலேயே சொன்னேன்.

வேதை உப்பு:
எந்தப் பந்து என்று பேசினீர்களா? யூரித்தேன் மேல்தோல் பந்துக்கும் கெட்டித்தோல் பந்துக்கும் வெட்ஜில் ஸ்பின் வித்தியாசம் நிறைய. ஆளுக்கொரு பந்தில் அடித்தால் துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குடந்தைக்காரன்:
என் பந்தில்தான்.

வெண்ணாறு:
அது எப்படி? உங்கள் பந்து குளத்திலிருந்து பொறுக்கியது. புதுப் பந்து, பெட்டி பிரிக்காதது, என் செலவில்.

குடந்தைக்காரன்:
உங்கள் செலவிலா? முதலில் புட்டரைக் கொண்டு வாருங்கள்.