நாலு பல் மாடு

2016-ஆம் ஆண்டில், கறவை மாடு ஒன்று பிடிப்பதற்காக என் தாய்மாமனோடு ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் போயிருந்தேன். கருப்பும் வெள்ளையுமாக நின்ற ஒரு மாட்டைக் காட்டி அதன் வயதைக் கேட்டேன். "நாலு பல்லுங்க தம்பி, தலையீத்து" என்றார் தரகர். தலையீத்து என்றால் முதல் கன்று ஈன்றது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாலு பல் என்றதும், மற்ற பற்களெல்லாம் கொட்டிப்போன மாட்டை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவர் மாட்டின் வாயைப் பிளந்து காட்டியபோது மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லாததைக் கண்டு, மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

எந்த மாட்டுக்கும் மேலே முன்பல் கிடையாது என்பதையும், கீழே உள்ள எட்டுப் பாற்பற்கள் ஏறத்தாழ 2 வயதிலிருந்து இரண்டிரண்டாக விழுந்து அகலமான பற்கள் முளைக்கும் என்பதையும், அந்தக் கணக்கில் நாலு பல் என்பது 3 வயதை ஒட்டிய இளம் மாடு என்பதையும் மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். பாற்பல் இன்னும் விழாததைப் 'பல் போடாதது' என்பார்களாம்.

அதற்கு முன் ஒரு மாட்டை, முதுகில் 'இறங்குபூரான்' இருக்கிறது என்று அவர் ஒதுக்கியிருந்தார். பூரான் தலையை நோக்கி ஏறுவதுபோல் மயிர்ச்சுழி அமைந்தால் நல்லது, வாலை நோக்கி இறங்கினால் ஆகாது என்பது நம்பிக்கை. சுழிக்கும் பாலுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விலைக்கும் சுழிக்கும் உள்ள தொடர்பை மட்டும் அங்கேயே பார்த்தேன்.

பேரம் துண்டுக்கடியில் நடந்தது. இருவர் கைகளும் துண்டுக்குள் ஒன்றையொன்று பிடித்திருக்க, விரல்களை அழுத்தியே தொகையைச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற எனக்குத் துணி அசைவது மட்டுமே தெரிந்தது. "எவ்வளவு மாமா?" என்று நான் சத்தமாகக் கேட்டுவிட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, தரகர் கையை எடுக்காமலேயே மாமாவிடம் சொன்னார்: "தம்பி இன்னும் பல்லுப் போடலைங்களா?"