வீட்டிலிருந்து ஜர்னல் திறக்கப் போய் நாங்கள் பட்ட பாடு

அலமாரி அக்கா:
நூலகத்துல இருக்கிற நானே ஆரம்பிக்கிறேன். 2020 மார்ச்சில் வளாகத்தை மூடி பசங்க ஊருக்குப் போன வாரம், எனக்கு வந்த போன் எல்லாம் ஒரே கேள்விதான். "மேடம், வீட்டுல எதுவும் திறக்கல. நூலகம் ஜர்னலுக்குக் கட்டற சந்தா முடிஞ்சு போச்சா?" சந்தா அப்படியேதான் இருந்தது. ஆனா பதிப்பகத்து சர்வருக்கு நம்ம பிள்ளைகளைத் தெரியாது, வளாகத்தோட ஐ.பி. முகவரியை, அதாவது இன்டர்நெட்ல நம்மளை அடையாளம் காட்டற எண்ணைத்தான் தெரியும். தேனிப் பக்கம் மொட்டை மாடியில உட்கார்ந்து போன் ஹாட்ஸ்பாட்ல வர்ற ஸ்காலர் அதுக்கு யாரோ வழிப்போக்கன்.

அவசர அவசரமா ஈஸிபிராக்ஸின்னு ஒரு இடைத்தரகர் சாஃப்ட்வேர் போட்டோம். வெளியே இருக்கிறவர் நம்ம சர்வர்ல லாகின் பண்ணினா, அது போய் அவருக்காகப் பக்கத்தை வாங்கிட்டு வரும். பதிப்பகத்தின் கண்ணுக்குத் தெரியறது நம்ம முகவரி மட்டும். முதல் நாளே ஒரு பையன் கூப்பிட்டான். தலைப்பு வருதாம், சுருக்கம் வருதாம், பி.டி.எஃப். பொத்தானைத் தொட்டா டாலர்ல காசு கேட்குதாம். ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டோம். கடைசியில பார்த்தா அந்தப் பதிப்பகம் பி.டி.எஃப். எல்லாத்தையும் வேறொரு டொமைன்ல, அதாவது வேற வெப்சைட் பேர்ல வச்சிருக்கு. பிராக்ஸி எந்தெந்த டொமைனுக்குப் போகணும்னு பட்டியல் போடற நம்ம கான்ஃபிக் ஃபைல்ல அந்தப் பேர் இல்லை. பட்டியல்ல இல்லாத டொமைனோட லிங்க்கை பிராக்ஸி மாத்தி எழுதாது. அதனால பொத்தானைத் தொட்ட நொடியே பையன் பிராக்ஸியை விட்டு வெளியே போயிடறான். ஒரே ஒரு வரி சேர்த்து, சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட விட்டோம். திறந்துடுச்சு.

அதுக்கப்புறம் முகப்புப் பக்கத்தைப் பார்த்துட்டு "வேலை செய்யுது"ன்னு நான் டிக் போடறதே இல்லை. வளாக வைஃபையை அணைச்சுட்டு, போன் டேட்டாவுல போய், ஒரு பி.டி.எஃப். முழுசா இறங்கினாத்தான் நம்புவேன்.

ஐந்தாம் வருட ஸ்காலர்:
எங்க யூனிவர்சிட்டியில பிராக்ஸி கிடையாது, வீட்டுக் கம்ப்யூட்டரை வளாக நெட்வொர்க்கோட இணைக்கிற வி.பி.என்.தான். பச்சை விளக்கு எரியும், டிபார்ட்மெண்ட் சர்வர் வரும், ஜர்னல் மட்டும் வராது. ஐ.டி. செல்லில் கேட்டா "எங்களுக்கு வருதே". வளாகத்துக்குள்ள உட்கார்ந்து பார்த்தா வராம என்ன செய்யும்! ஒரு சீனியர் சொல்லித்தான், வி.பி.என். ஓடும்போதே கூகுள்ல "வாட் இஸ் மை ஐ.பி." தட்டிப் பார்த்தேன். வந்தது வீட்டு பிராட்பேண்ட் முகவரி. வளாக சர்வருக்குப் போறதை மட்டும் வி.பி.என். வழியா அனுப்பிட்டு, மத்ததை நேரா வெளியே விடற மாதிரி செட் பண்ணியிருக்காங்க. ஸ்ப்ளிட் டனல்னு பேராம். வேகத்துக்கு நல்லது, தீசிஸுக்கு ஆகாது. ஸ்கிரீன்ஷாட்டோட மெயில் போட்டேன். ஆறு வாரம் கழிச்சு சரியாச்சு. அதுக்குள்ள ரெண்டாவது சாப்டரை ஒப்புக்கு எழுதி கைடுகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

பேர் வேண்டாமே:
சிரிக்காதீங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசில், ஐ.பி. ரேஞ்ச் கேட்ட பதிப்பகத்துக்கு "192.168.1.1 முதல் 254 வரை" என்று எழுதி, முதல்வர் கையெழுத்து, முத்திரை எல்லாம் வாங்கி அனுப்பினேன். இது ஊரில் இருக்கிற ரவுட்டர்களுக்கெல்லாம் பொதுவான உள்முகவரி, உங்கள் வெளிமுகவரியைத் தாருங்கள் என்று பணிவாகப் பதில் வந்தது. முதல்வர் ஓய்வு பெறும்வரை அவரிடம் சொல்லவில்லை.

ராத்திரி ஷிப்ட்:
எங்களுக்கு நடந்தது வேற ரகம். தீசிஸ் சப்மிட் பண்ற சீசன், வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெரிய பதிப்பகம் ஒண்ணு மொத்தமா அடைச்சிடுச்சு. எங்க பிராக்ஸி முகவரியிலிருந்து ஒரே ராத்திரியில கட்டுரைகளை மூட்டை மூட்டையா யாரோ இறக்கியிருக்காங்களாம். பிராக்ஸி வழியா போனா பதிப்பகத்துக்கு நாம எல்லாரும் ஒரே ஆள்தான். ஒருத்தர் வம்புக்கு எல்லாருக்கும் கதவு சாத்தும். எம்.ஐ.டி.க்கே இந்தக் கதி வந்திருக்கு. ஆரன் ஸ்வார்ட்ஸ்ங்கிற அமெரிக்க புரோகிராமர் அங்கே கட்டுரைகளை மொத்தமா இறக்கின சமயம், 2010 அக்டோபரில், ஜே-ஸ்டோர்ங்கிற ஜர்னல் தளம் அந்த வளாகம் முழுசுக்கும் சில நாள் நிறுத்தி வச்சது.

யார் எப்ப எதைத் திறந்தாங்கன்னு பிராக்ஸி பதிஞ்சு வைக்கற லாகை எடுத்து, பதிப்பகம் கொடுத்த நேரத்தோட ஒப்பிட்டுப் பார்த்தோம். நேரம் ஜி.எம்.டி.யில் இருந்ததை கவனிக்காம முதல்ல தப்பான ஆளைக் கூப்பிட்டுட்டோம், அஞ்சரை மணி நேர வித்தியாசம். சரியான பேர் கிடைச்சதும் பார்த்தா, ரெண்டாம் வருஷ எம்.எஸ்சி. பொண்ணு. அழுதுடுச்சு. டவுன்லோடர் சாஃப்ட்வேர்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. ப்ராஜெக்ட் சென்டர்ல "ரெஃபரன்ஸ் நாங்களே எடுத்துத் தர்றோம், லாகின் மட்டும் குடும்மா"ன்னு கேட்டிருக்காங்க, கொடுத்திருக்கு. பாஸ்வேர்டை மாத்தி, விளக்கக் கடிதம் அனுப்பி, திங்கட்கிழமை மதியம்தான் கதவு திறந்தது.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த லாகைப் படிக்கறப்ப கை கூசுச்சு. யார் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த வியாதியைப் பத்திப் படிக்கிறாங்கன்னு எல்லாம் அதுல இருக்கு. இப்ப மூணு மாசத்துக்கு மேல வச்சுக்கறதில்லை.

சிற்றூர் ஆசிரியர்:
எல்லாரும் ஐ.பி., ஐ.பி. என்கிறீர்கள். எங்கள் கல்லூரிக்கு நிலையான ஐ.பி.யே கிடையாது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட் என்ற மின்நூலகத் திட்டம்தான் கதி. அதில் ஆளுக்கொரு பயனர் பெயர், பாஸ்வேர்டு. வீடோ பஸ்ஸோ, எங்கிருந்தும் படிக்கலாம். வளாகம் என்ற சிக்கலே எழவில்லை. வேறு சிக்கல் வந்தது: ஒரு துறையில் ஒருவருடைய பாஸ்வேர்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள், "அனைவரும் பயன்பெறுக" என்று. நானே கிழித்தேன். 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள். அது அரசு நிறுவனங்களுக்கு. நாங்கள் சுயநிதி, வேலிக்கு வெளியே.

முன்னாள்:
பட்டம் கைக்கு வந்த வாரமே என் லாகின் போச்சு. உரிமத்தில் "தற்போதைய மாணவர்கள்" என்றுதான் இருக்காம். இப்ப ஒரு ஜர்னலுக்கு அனுப்பின என் கட்டுரையைப் பரிசீலிக்கிற ரிவியூவர், நான் இன்னும் நாலு கட்டுரையைப் படிச்சுட்டு அதைத் திருத்தி எழுதணும்னு சொல்றார். ஜூனியர்கிட்ட லாகின் கேட்கலாம்னு இருந்தேன், ராத்திரி ஷிப்ட் கதையைப் படிச்சதும் பயமா இருக்கு.

அலமாரி அக்கா:
கேட்காதீங்க தம்பி. எங்க ஒப்பந்தங்கள் பலதில் நேரில் வர்ற வாசகருக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. முன்னாள் மாணவர் வீட்டிலிருந்து திறக்கக் கூடாது, நூலகத்துக்குள்ள வந்து எங்க கம்ப்யூட்டர்ல படிக்கலாம். இதைப் படிச்சுப் பார்க்காமலே "இல்லை"ன்னு திருப்பி அனுப்பற நூலகங்கள் உண்டு, அதனால உங்க ஊர்ல ஒருமுறை அழுத்திக் கேளுங்க. இங்கேயே வந்தா, நாலு கட்டுரையோட டி.ஓ.ஐ. எண்ணையும் (ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்கிற தனி அடையாள எண்) எழுதிட்டு, பழைய ஐ.டி. கார்டோட வாங்க. செவ்வாய் மட்டும் வேண்டாம், யு.பி.எஸ். சர்வீஸுக்கு ஆள் வர்றாங்க.