நீல டிரம் உரத்தொட்டி: புளிச்ச நாத்தம், அடியில் தண்ணி

கேள்வி (கிருஷ்ணகிரி): 200 லிட்டர் பழைய பிளாஸ்டிக் டிரம்மில் கம்போஸ்ட் போட்டு மூணு வாரம் ஆச்சு. பக்கவாட்டில் ஆணியைக் காய்ச்சிக் குத்தின ஓட்டை நாற்பது, அடியில் ஒண்ணும் இல்ல. மாம்பழத் தோல், கொட்டை, காய்கறிக் கழிவு, நடுநடுவே புளிய இலை. மூணில் ஒரு பங்கு நிரம்பியிருக்கு. புளிச்ச நாத்தம், தட்டையா சாம்பல் நிறப் புழு. சுண்ணாம்பு போடலாமா?

பதில் (காவேரிப்பட்டணம்): சுண்ணாம்பு வேண்டாம்ங்க. தழைச்சத்து அமோனியாவா பறந்துடும், ஒரு நாத்தம் போய் இன்னொண்ணு வரும். உங்களுக்குக் குறை காத்துதான். ஆணி ஓட்டையில கூழ் ஒட்டினதும் அடைஞ்சுடும். புளிய இலை பொடிசு, நனைஞ்சா பாய் விரிச்ச மாதிரி படிஞ்சுக்கும்.

எல்லாத்தையும் தார்ப்பாயில் கொட்டுங்க. டிரில்லில் 12 மி.மீ. பிட் போட்டு அடியில் 20 ஓட்டை, பக்கத்தில் அரைச் சாணுக்கு ஒண்ணு. நாலு செங்கல் மேல் நிறுத்துங்க. உள்ளே ஒரு சாண் உயரம் மல்பெரிக் குச்சி (பட்டுப்புழு வளர்க்கிறவங்ககிட்ட கேட்டா கிடைக்கும்) இல்லைன்னா தேங்காய் மட்டை. நடுவில் சுத்தியும் ஓட்டை போட்ட 4 அங்குல பிவிசி பைப்.

கொட்டினது 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் மூணு இருக்கும். அதுக்கு ஆறு பக்கெட் காய்ஞ்சது: நறுக்கின ராகித் தாள், கடலைத் தோல். கூட ஒரு பக்கெட் மட்கின சாணம். மாங்கொட்டையைப் பொறுக்கிடுங்க, மத்ததெல்லாம் உரமானாலும் அந்த ஓடு அப்படியே கிடக்கும். கலந்ததை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழிங்க. விரலிடுக்கில் ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி. ஒழுகினா இன்னும் தாள் போடுங்க. டிரம் கழுத்து வரைக்கும் வரும், அமுக்காதீங்க, ஒரு வாரத்தில் தானா இறங்கிடும்.

பதில் (பாலக்கோடு): அந்தப் புழு கருப்புப் படைவீரன் ஈயோடது, கெடுதல் இல்லைங்க. ஈரம் குறைஞ்சா அதுவும் குறையும். மேலே எப்பவும் நாலு விரல் கனத்துக்குக் காய்ஞ்ச சருகு இருக்கட்டும், சின்ன பழ ஈ மொய்க்காது. ஆமா, டிரம்மில் முன்னாடி என்ன இருந்துச்சு? பூச்சிமருந்து, ஆசிட்னா அந்த உரம் காய்கறிக்கு ஆகாது.

கேட்டவர்: மாங்காய் உப்பில் ஊறப்போட்ட டிரம்ங்க. அடியில் வடிஞ்ச தண்ணி ரெண்டு லிட்டர் இருக்கு, பத்து மடங்கு தண்ணி கலந்து ரோஜாவுக்கு விடலாமா?

பதில் (காவேரிப்பட்டணம்): வேண்டாம். காத்தில்லாம புளிச்ச தண்ணி, வேரைச் சுட்டுடும். போதாததுக்கு உப்பு வேற. செடி இல்லாத இடமாப் பார்த்து ஊத்துங்க. டிரம்மைக் கவுத்து நாலு தடவை கழுவிட்டு நிரப்புங்க, உப்பு ஏறின உரம் போட்டா இலை ஓரம் கருகும்.

மூணாம் நாள் நடுவில் கையுறை போட்டுக் கையை விட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா வாரம் ஒரு கிளறல் போதும். சில்லுன்னு இருந்து நாத்தமும் அடிச்சா இன்னும் ஈரம் அதிகம், ஒரு பக்கெட் கடலைத் தோல் கலந்து மறுபடி பிழிஞ்சு பாருங்க.