சி.ஆர்.பி. 4.8, மறுநாள் 31: உங்களுக்கும் இப்படி வந்ததுண்டா?

அம்மாவுக்கு நிமோனியா. டிஸ்சார்ஜ் அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. (தொற்றோ அழற்சியோ இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) 4.8 என்று இருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் தெருமுனை லேபில் எடுத்தால் 31! காய்ச்சல் இல்லை, இருமல் குறைந்துவிட்டது, ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். தம்பியோ ராத்திரியே மறுபடி அட்மிட் பண்ணணும் என்று கார் சாவியோடு நின்றான்.

இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எண்ணுக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஒன்றில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இன்னொன்றில் லிட்டருக்கு மில்லிகிராம். முதலாவதைப் பத்தால் பெருக்க வேண்டும். ஆக, 48-லிருந்து 31-க்கு இறங்கியிருக்கிறது. டாக்டரும் அதையேதான் சொன்னார். ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனை) மட்டும் இன்னும் 70. அது மெதுவாகத்தான் இறங்குமாம், சில வாரங்கள்கூட ஆகலாம். சி.ஆர்.பி. கல்லீரலில் சுரப்பது; சுரப்பு நின்றால் சுமார் 19 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும்.

*

லேபில் வேலை பார்ப்பவன் என்பதால் ஈ.எஸ்.ஆர். பற்றி மட்டும் சொல்கிறேன். வெஸ்டர்கிரென் முறையில் சிட்ரேட் கலந்த ரத்தத்தை 200 மி.மீ. வரை அளவு போட்ட குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் நிமிர்த்தி வைப்போம். சிவப்பணுக்கள் கீழே இறங்க, மேலே மஞ்சளாகத் தெளியும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. இறங்கியது என்பதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண். அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும். அணுக்கள் நாணய அடுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகை, கர்ப்பம், வயது எல்லாமே இதைக் கூட்டும். குழாய் சாய்ந்திருந்தால்கூடக் கூடும், அது எங்கள் கவனக்குறைவு! பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதியாக்கினால் வருவதைத் தோராயமான உச்ச வரம்பாக வைப்பார்கள். 65 வயது அம்மாவுக்கு 35 வந்தால், அதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம். 70 என்றால் டாக்டர் பார்வையில் இருக்கட்டும்.

*

என் கதை நேர் எதிர். எனக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய். காலையில் விரலை மடக்கி டம்ளரைப் பிடிக்க முடியாத நாளிலும் சி.ஆர்.பி. 3-தான், ஈ.எஸ்.ஆர். 60-ஐத் தாண்டி நிற்கும். லூபஸில் இது சகஜமாம். "சி.ஆர்.பி. நார்மல்தானே, அப்புறம் என்ன வலி?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். எனக்கு சி.ஆர்.பி. எகிறினால் டாக்டர் முதலில் தொற்றைத்தான் தேடுவார். போன மாதம் 40 வந்தது, உடனே யூரின் கல்ச்சர் எழுதினார். கிருமி இருந்தது.