நீள்வெட்டு ஆய்வா, தடந்தொடர் ஆய்வா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரே மனிதரின் படிப்பையும் சான்றிதழ்களையும் பள்ளிப் பருவம் முதல் முதுமை வரை விடாமல் பதிந்துவரும் லாங்கிடூடினல் ஆய்வுக்கு, முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட ‘நீள்வெட்டு ஆய்வு’ என்னும் சொல் எனக்கு ஒப்பவில்லை. தண்டை நெடுக்காக அறுத்துப் பார்க்கும் தாவரவியலுக்கு அது பொருந்தும். பல வயதினரை ஒரே வேளையில் கேட்டு முடிக்கும் ஆய்வைக் ‘குறுக்குவெட்டு’ என்பதும் தகும். அங்கே காலம் வெட்டப்படுகிறது. இங்கோ வெட்டாமல் தொடர்வதே முறை. ‘நெடுந்தொடர் ஆய்வு’ என்றால் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வரும்.

பிரிட்டனில் 1958 மார்ச் மாதத்தின் ஒரு வாரத்தில் பிறந்த ஏறத்தாழ 17,000 குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். அவர்களுடைய தேர்வு முடிவுகள் 1978இல் பள்ளிகளிடமிருந்தே பெறப்பட்டன. பின்னர் 23, 33, 42 என வயது ஏற ஏற அவர்களையே சந்தித்துக் கேட்டார்கள். 23 வயதில் பட்டமில்லாதவர் 42இல் பட்டதாரியாகியிருக்கலாம். முன்பு சொன்ன ஒரு சான்றிதழைப் பிறகு சொல்ல மறந்தும் இருக்கலாம். ஆகவே, ‘கல்வித்தகுதி’ என்ற சொல் இங்கே போதாது. விண்ணப்பப் படிவத்தில் ஒருமுறை நிரப்பப்படும் அந்தச் சொல்லில் ‘அருகதை’ என்னும் வாடையும் உண்டு. பதியப்படுவதைக் ‘கல்வித்தடம்’ என்றும், ஆய்வைத் ‘தடந்தொடர் ஆய்வு’ என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. வேட்டை நாயின் நினைவு வருகிறது என்பார் இருப்பின் மறுக்கமாட்டேன். ஆனால் ‘கண்காணிப்பு’ என்பதைவிட இது மேல்.

தேர்வுகளின் பெயரே மாறிவிடும்போது, பழையது எந்தப் புதியதற்குச் சமம் என்று சொல்ல ‘இணைமதிப்பு’ என்னும் வழக்குச் சொல்லே போதும்: இங்கிலாந்தில் பதினாறு வயதையொட்டி எழுதப்பட்ட ஓ லெவல் தேர்வு 1988இல் ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கு இடம்விட்டதும், நம் பி.யூ.சி. என்னும் கல்லூரிப் புகுமுக வகுப்பு மறைந்து பிளஸ் டூ வந்ததும் ஒரே வகைச் சிக்கல்தான். ஆனால் இங்கிலாந்தில் இன்று பள்ளி, பல்கலைக்கழகப் பதிவுகளை வருமான வரிப் பதிவுகளோடு பொருத்தி, யாரையும் நேரில் கேளாமலேயே ஆராய்கிறார்களே, அதற்கு ‘பதிவிணைப்பு’ என்னும் தனிச் சொல் வேண்டும்; தடந்தொடர் ஆய்வையும் இதையும் ஒரு பெயரில் அடக்கக் கூடாது.

எஞ்சுவது, ஒரே காலத்தில் பிறந்ததாலோ ஒரே ஆண்டில் சேர்ந்ததாலோ ஒன்றாக வைத்து ஆராயப்படும் குழுவைக் குறிக்கும் ‘கோஹார்ட்’. ‘உடன்பிறந்தோர்’ எனப் பெயர்த்தால் அண்ணன் தம்பியாகிவிடும். ‘சமவயதுக் குழு’ என்றால், ஒரே ஆண்டில் கல்லூரியில் சேர்ந்த பல வயதினர் விடுபடுவர். பேச்சில் ‘நாங்கள் ஒரே செட்டு’ என்கிறோம். அந்தச் ‘செட்டு’க்கு நிகராக எழுத்து வழக்கில் நிற்கும் சொல் எவருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.