நெல்லையில் ரெண்டு நாள்: கூட்டிட்டுப் போற நண்பர்ட்ட என்ன கேட்டு வைக்கணும்?

நொய்யல்கரை:
சனிக்கிழமை காலைல ரயில்ல திருநெல்வேலி ஜங்ஷன் வர்றேன். ஞாயிறு ராத்திரி திரும்பணும். பாளையங்கோட்டையில நண்பர் இருக்கார், பைக் வச்சிருக்கார். "எங்க போகணும்னு நீயே சொல்லு"ங்கறார். நெல்லையப்பர் கோயிலும் அல்வாவும் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எதை எந்த நேரத்துல வச்சுக்கலாம்?

சிந்துபூந்துறை:
அண்ணாச்சி, இடத்தைக் கேட்டா உள்ளூர்க்காரர் முழிக்கத்தான் செய்வார். எத்தனை மணிக்குப் போகலாம்னு கேளுங்க, டக்குனு சொல்லுவார்.

மொதல்ல ஊர் அமைப்பு. நீங்க இறங்குதது ஜங்ஷன். கோயிலும் ரத வீதிகளும் இருக்கது டவுன், மேற்கே ரெண்டு மூணு கிலோமீட்டர். தாமிரபரணி ஆத்துக்குக் கிழக்கே பாளை, அதான் உங்க நண்பரோட பாளையங்கோட்டை. நடுவுல 1843-ல திறந்த சுலோசன முதலியார் பாலம், அவர் கைக்காசு போட்டுக் கட்டுனது. புது பஸ் ஸ்டாண்ட் வேய்ந்தான்குளத்துல, பாளைப் பக்கம். "பஸ் ஸ்டாண்ட்ல நிக்கேன்"னு மொட்டையாச் சொன்னா நீங்க ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் நிப்பீங்க.

கோயில் மத்தியானம் நடை சாத்திரும். சாயங்காலம் 4 மணி வாக்குலதான் திறப்பு. ரெண்டு மணி நேரமாவது ஒதுக்குங்க. சாமி சன்னதி வழியா உள்ள போய், நடராசர் ஆடுற தாமிர சபையோட மரவேலைப்பாட்டை நின்னு பாத்துட்டு, சங்கிலி மண்டபம் வழியா அம்மன் கோயிலுக்கு வரணும். இசைத்தூணைத் தட்டாதீங்க, பாத்தாப் போதும். செருப்பை சாமி வாசல்ல விட்டுட்டு அம்மன் வாசல் வழியா வெளிய வந்தா, ரோட்டுச் சூட்டுல வெறுங்காலோட திரும்ப நடக்கணும். எந்த வாசல்னு முன்கூட்டியே பேசிக்கிடுங்க.

பாளையில அரசு அருங்காட்சியகம் இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமையும் ரெண்டாம் சனிக்கிழமையும் லீவு. நீங்க வர்ற சனி எதுன்னு காலண்டரைப் பாருங்க. பூட்டியிருந்தா ஊசிக் கோபுரம், 1826-ல கட்டுன சர்ச்.

கொக்கிரகுளத்து அக்கா:
தம்பி, மத்தியானம் நடை சாத்துற அந்த நேரத்துக்குத்தான் நண்பர் வேணும். அவர் வீட்டுல சொதி வைக்கச் சொல்லுங்க, தேங்காய்ப்பால் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு அது. ஹோட்டல்ல தேடி அலையுறதைவிட வீட்டுல கேக்கது நல்லது. ரெண்டு நாள் முந்தியே சொல்லிரணும், தேங்காய் திருகிப் பால் எடுக்கதுதான் பெரிய வேலை.

அஞ்சு பேருக்கு ரெண்டு முத்தின தேங்காய். மூணு பால் எடுத்துத் தனித்தனியா வைக்கணும். மூணாம் பால்ல காய் வேகணும்: முருங்கை, உருளை, கேரட், பீன்ஸ். வேகவச்ச பாசிப்பருப்பும், இஞ்சி பச்சமிளகா அரைச்சதும் ரெண்டாம் பாலோட சேரும். மொதல்ல எடுத்த கெட்டிப் பால் கடைசியா. ஊத்தினதும் ஓரத்துல நுரை கூடும், கொதி வருமுன்ன இறக்கிரணும். கொதிச்சா திரிஞ்சு எண்ணெயும் தண்ணியுமா நிக்கும். எலுமிச்சம்பழம் இறக்கி ஆறின பொறகுதான். தேங்காய்ப்பால் மந்தம், அதான் இஞ்சித் துவையல் கூட வருது, அதை ஒதுக்காதீங்க. சாப்பிட்டதும் பைக்ல ஏறாம ஒரு மணி நேரம் படுங்க.

நொய்யல்கரை:
நன்றிங்கக்கா. அல்வா ரெண்டு கிலோ ஊருக்கு வாங்கணும். சனிக்கிழமையா, ஞாயிறா?

கீழரதவீதி:
திங்கதுக்கு சனி, கொண்டு போறதுக்கு ஞாயிறு. இருட்டுக்கடை கோயிலுக்கு எதிர்லயே, சாயங்காலம் 5 மணிக்கு மேலதான் யாவாரம், தீர்ந்தா மூடிருவாங்க. அதே மாதிரி பேர்ல அக்கம்பக்கத்துல கடைக உண்டு, நண்பர் கூட நிக்கட்டும். மொதல்ல நூறு கிராம் இலையில வாங்குங்க. சூட்டுல இலை ஓரத்துல நெய் வடியும், மெல்ல வேண்டாம், வழுக்கிட்டு இறங்கிரும். சம்பா கோதுமைப் பாலைப் புளிக்க வச்சுக் கிண்டுறதால லேசா புளிப்பு தட்டும், கெட்டுப்போனதுன்னு நெனைக்காதீங்க.

பார்சல் சூடா இருந்தா மூடியைத் திறந்து ஆற விடுங்க. ஆவி தண்ணியா இறங்குனா பூசணம் பிடிக்கும். ரயில்ல ஏசி பெட்டியில நெய் உறைஞ்சு வெள்ளையாத் தெரியும், அது பழுது இல்ல. ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, ரப்பர் மாதிரி ஆயிரும். ரயில் நேரம் இடிச்சா ஜங்ஷன் பக்கமே நல்ல கடைக இருக்கு.

சிந்துபூந்துறை:
ஞாயித்துக்கிழமையை மறந்துட்டேன். காலைல கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில், திருச்செந்தூர் ரோட்டுல பன்னெண்டு கிலோமீட்டர் போல. நாயக்கர் காலத்துச் சிற்பம். கர்ணன் கையில நாகாஸ்திரம், இளவரசியைத் தூக்கிட்டுப் போற குறவன். நரம்பு, நகக்கண் வரை தெரியும். 8 மணிக்கே போயிருங்க, இதுவும் மத்தியானம் சாத்திரும். பைக் இல்லன்னா திருச்செந்தூர் பஸ், ஆனா எல்லா வண்டியும் அங்கன நிக்காது, ஏறுமுன்ன கண்டக்டர்ட்ட கேளுங்க.

பத்தமடைக் கோரைப் பாய் வேணும்னா அது எதிர்த்திசை, சேரன்மாதேவி ரோடு. ரெண்டையும் ஒரே காலைல வைக்காதீங்க. நயம் பட்டுப்பாய் சொல்லி வச்சு நெய்றது, போன உடனே கிடைக்காது.

ஆத்துல குளிக்கணும்னா, குறுக்குத்துறையில நண்பர் வழக்கமாக் குளிக்கிற படித்துறையில மட்டும் இறங்குங்க. மணல் அள்ளுன பள்ளம் மேல இருந்து தெரியாது. ஐப்பசி, கார்த்திகைன்னா கரையில நின்னு பாருங்க, அங்கன ஆத்துக்குள்ள இருக்க முருகன் கோயிலே முங்குற தண்ணி வரும். பின்னாடி உக்கார்றவருக்கும் ஹெல்மெட் வேணும், ஒண்ணு கூடுதலா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.